விட்டிலும் கரப்பானும்

ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பிகளைக் கழுவும் அக்கா, இரண்டு குப்பியில் இருந்ததையும் ஒன்றாகக் கொட்டிவிட்டிருந்தார்.

ஒன்று, அங்கே ஆராய்ச்சி செய்யும் அவளுடையது. மற்றது அவள் கணவன் செய்து வைத்தது. அவன் இறந்து இருபது நாள் ஆகிறது. இனி அதைச் செய்ய ஆளில்லை.

வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று பயந்து, கலவையை எடுத்துக்கொண்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள்.

உள்ளே இருப்பவை உயிரில்லாத மணிகள்தான், மாவைவிடப் பொடி. ஒவ்வொரு மணியிலும் ஒரு பாதியில் மட்டும் பூச்சு. வெளிச்சம் பட்டால் தாமாகவே நீந்தும். அவளுடையவை வெளிச்சத்தைத் தேடி வரும். விட்டில் என்று கிண்டலாகப் பெயர் வைத்தவன் அவன். அவனுடையவை வெளிச்சத்தைக் கண்டாலே இருட்டுக்கு ஓடும். கரப்பான் என்று பதிலுக்குப் பழி தீர்த்துக்கொண்டாள் அவள். ஆராய்ச்சிக்கூடமே சிரித்தது.

ஆகவே வழி இருந்தது. துளியின் ஒரு பாதிக்கு வெளிச்சம், மறு பாதிக்கு இருட்டு. கரப்பான்கள் இருட்டில் ஒதுங்கியதும் உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். ஒரு சொட்டு கிடைத்தால் போதும். அவன் சட்டைகளில் வாசனைகூடப் போய்விட்டது. இவையாவது ஓடுமே.

நீல விளக்கைப் போட்டாள். மணிகள் கும்பல் கும்பலாக வெளிச்சத்துக்கு வந்து அப்பின.

மணிகளை அசைக்காத மங்கிய சிவப்பொளியில் இருட்டுப் பாதியைப் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

துளியை மாற்றினாள். ஐந்தாவது துளியிலும் வெறும் தண்ணீர்தான்.

"இதுல அவரோடது ஒண்ணுகூட இல்லையேக்கா."

அக்கா கைத்துணியை முறுக்கிக்கொண்டு நின்றார். "ரெண்டும் ஒண்ணுதானேன்னுதாம்மா கொட்டினேன். ஆறு மாசமா அவருக்குக் கை நடுக்கம், ஒரு சொட்டு விட முடியல. உங்க குப்பியிலேருந்து அவரு குப்பிக்கு நான்தான் ஊத்திக் குடுப்பேன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நோய் தெரிந்து மூன்றே வாரத்தில் போய்விட்டான் என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதிருந்தாள்.

அந்த ஆறு மாதமும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய சோதனையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், எல்லார் முன்னாலும் அவனைச் சோம்பேறி என்றாள்.

அவன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தான்.