ஐந்து மணிக்கு வரவேண்டியவர்

மேஜைமேல் தூக்கி வைத்த மறு நொடியே ஸ்ட்ரோபி கீழே குதித்துவிட்டது.

குதித்ததோடு நின்றதா? துவாலையைக் கவ்விக்கொண்டு கடையை இரண்டு சுற்று சுற்றியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. ஷாம்பு அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டு, முடிந்தால் பிடி என்பதுபோல் எட்டிப் பார்த்தது.

நான்கு மாத நாய்க்குட்டி. தாய் ஸ்பேனியல், தகப்பன் பக்கத்துத் தெரு பூடில் என்று கேள்வி. காது ஒரு வம்சம், கால் ஒரு வம்சம். துடுக்கு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வஞ்சனையில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

குட்டியைக் கொண்டுவந்த மார்லூஸுக்கு அவமானமாக இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம்தான், அதன் பிறகு இந்தப் பாடு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு க்ரோனிங்கன் ரயில் நிலையத்து வாசலில் குட்டியை ஒப்படைக்க வேண்டும். இணையத்தில் அவள் போட்ட விளம்பரத்தையும் படத்தையும் பார்த்து யாரோ ஒருவர் எழுதியிருந்தார். பெயர்கூடப் போடவில்லை. 'நான் எடுத்துக்கொள்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்வேன்' என்று இரண்டே வரி. அழுக்கும் சிக்குமாகக் கொடுக்கக் கூடாது என்றுதான், நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்த நாய் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தாள்.

எல்லாவற்றையும் கடைக்காரர் ரெய்ண்டரிடம் சொன்னாள். அறுபது வயது, வாசலை அடைக்கும் உடம்பு. "ம்" என்று கேட்டுக்கொண்டார்.

"ஏன், பிடிக்காமப் போச்சா?"

"ஐயோ, எனக்கா? அதுக்குத்தாங்க என்னைப் பிடிக்கல. பிரஷ்ஷை எடுத்தாலே கடிக்குது."

கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு முழுக்கக் கீறல். ரெய்ண்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அலமாரிக்கு அடியில் இருந்த குட்டியைப் பார்த்தார்.

அப்புறம் அவர் செய்ததை மார்லூஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

அவ்வளவு பெரிய மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூப்பிடவே இல்லை.

குட்டிக்குப் பொறுக்குமா? வந்தது. பிரஷ்ஷை மோந்தது, கடித்தது, இழுத்துப் பார்த்தது. இழுக்க விட்டார். முடிவெட்டும் மிஷினை முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு துணுக்குச் சீஸ் கொடுத்தார். ஐந்தாவது துணுக்குக்கு அது தானாகவே மடியில் ஏறிவிட்டது. மோவாய்க்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான்.

அடேயப்பா, என்ன கை!

பின்னங்காலில் ஆரம்பித்தார். முடியை ஒரு கையால் மேலே ஒதுக்கி, அடியில் ஒரு மெல்லிய வரிசையை மட்டும் தோலிலிருந்து நுனி வரைக்கும் சீவினார். அது முடிந்ததும் அதற்கு மேல் வரிசை. சிக்கு வந்தால் அதன் வேரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்தார். குட்டி கொட்டாவி விட்டது.

மார்லூஸுக்குச் சுரீரென்றது. இத்தனை நாளும் மேலாக்கச் சீவிவிட்டு, சிக்கில் மாட்டியதும் வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். வலித்திருக்கிறது, கடித்திருக்கிறது. அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு தினமும் அழுதிருக்கிறாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் ரெய்ண்டர் நிறுத்தினார். குட்டியின் தலையைத் தடவினார். பிரஷ்ஷைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் நீ பண்ணும்மா."

"வேணாங்க, கடிச்சிரும்."

"கடிச்சா என்னைக் கடிக்கட்டும். நீ வேரைப் புடிச்சுக்கோ."

முதல் வரிசையை நுனியில் மட்டும் தொட்டுச் சீவினாள். இரண்டாவதில் வேரை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவதில் குட்டி சட்டென்று தலையைத் திருப்பியது. மார்லூஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கடிக்கவில்லை. நக்கியது. நக்கிவிட்டு, மோவாயை அவள் முழங்காலில் போட்டு ஒரு பெருமூச்சு விட்டது.

மார்லூஸ் விசும்பி விசும்பி அழுதாள். அழுதபடியே அந்தப் பக்கம் முழுவதையும் சீவி முடித்தாள்.

குளித்து, காய்ந்து, கண்ணை மறைத்த முடியும் போன பிறகுதான் ஸ்ட்ரோபியின் முகத்தையே அவள் சரியாகப் பார்த்தாள். என்ன அழகு, என்ன திமிர்! தன்னைவிட்டால் இந்த ஊரில் ஆளில்லை என்பதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தது.

சைக்கிளின் முன்பெட்டியில் அதை வைத்துவிட்டு மார்லூஸ் போனை எடுத்தாள். யாரோ ஒருவர் ஆசையாகக் காத்திருப்பார். நினைத்தாலே குற்ற உணர்வாக இருந்தது. ஆனால் விரல் நிற்கவில்லை.

'மன்னிச்சுக்குங்க. குட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வரல. நானே வெச்சுக்கறேன்.'

சைக்கிள் பூட்டைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'ரொம்ப நல்லது. நகம் இன்னும் வெட்டல. வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாம்மா.'

இரண்டு தடவை படித்தாள். திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெய்ண்டர் முக்காலியில் ஏறி நின்று, விலைச் சீட்டு கிழிக்காத ஒரு சின்ன நாய்ப் படுக்கையை மேல் அலமாரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.