வெளியாள்

"வேம்பு, உங்க பள்ளிக்கூடத்துல வெளியாள் இறக்கிட்டாங்கடி!"

பக்கத்து வீட்டு ராசம்மாள் போட்ட சத்தத்தில், காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளைகூட முழித்துக்கொண்டது.

வேம்பு அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். ஒரு வாரமாக வேலைநிறுத்தம். அரசாங்கத்துக்குச் செலவு தாங்கவில்லையாம். இனி சமையல்காரி ஒருத்தியே போதும், எட்டாவது தேறாதவர்களுக்கு வேலை இல்லை, பொங்கல் போனஸும் கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. போன ஆட்சியில் பயம் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த ஆட்சியில் செய்தே விட்டார்கள்.

வேம்பு படித்தது அஞ்சாவது. புருஷன் போன பிறகு அவளையும் பிள்ளையையும் கரை சேர்த்தது அந்த வேலைதான்.

"யாரு சின்னம்மா வந்திருக்காங்க?"

"எந்தச் சீமையோ! விடிஞ்சதும் விடியாததுமா வேன்ல பொம்பளைங்களா வந்து எறங்குனாங்க. இன்னைக்குச் சோறு உண்டு, தட்டு எடுத்துக்கிட்டு வாங்கன்னு பிள்ளைங்களுக்கும் சொல்லியாச்சாம். அந்தா பாரு, பொகை தெரியுது."

வேம்பு புகையைப் பார்த்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கூடுதல் கூலி கேட்டு வேலையை நிறுத்திய வருஷம், மிராசுதார் இப்படித்தான் வெளியாளை இறக்கி அறுப்பு அறுத்தார். மறிக்கப் போன அவள் அப்பா மண்டை உடைந்து வந்தார்.

"பிள்ளைய பாத்துக்க சின்னம்மா."

அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் அடித்து இடுப்பில் வைத்தாள்.

"எங்கடி போற, தண்ணியத் தூக்கிக்கிட்டு?"

"அடுப்ப அணைக்க!"

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேம்பு யாரையும் பார்க்காமல் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். புகைக்குள்ளே ஒருத்தி குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேம்பு குடத்தைத் தூக்கினாள்.

அடுப்படியில் இருந்தவள் திரும்பினாள். அம்சம்!

இந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. சங்கத்துத் தலைவியும் அவள்தான். திருவாரூர் போராட்டப் பந்தலில் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவள்.

"அக்கா... நீயா?"

"வா வேம்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"அத விடு! ஒருத்தியும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு மாரியம்மன் வாசல்ல சூடத்த அணைச்சு சத்தியம் வாங்குனியே! இப்ப வெளியாளோட சேந்துக்கிட்டு நீயே சோறாக்குறியா? உன் வேலைய மட்டும் காப்பாத்திக்கிட்டியா? கருங்காலி!"

அம்சம் கரண்டியை விடவில்லை. "அப்புறமா திட்டுடி. சாம்பார் அடிபிடிச்சுரும்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"ஊத்துறதுன்னா ஊத்து. வெளிய உக்காந்திருக்கற வாண்டுங்களுக்கு நீயே பதில் சொல்லிக்க."

வெளியே பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பி, சாப்பிடும் முன் சொல்லும் பிரார்த்தனையைச் சொல்லத் தொடங்கியிருந்தன. ஒரு பொடிசு மட்டும் அரைக்கண்ணைத் திறந்து, சாம்பார் வருகிறதா என்று பார்த்தது.

வேம்பு குடத்தை இறக்கி வைத்தாள். தாயே, இவளே இப்படிச் செய்தால் நாங்கள் யாரை நம்புவது என்று மனசுக்குள் அழுதாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. சத்துணவு அதிகாரி கண்ணுசாமி. காலையிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருகிறார்.

"அடடே, தலைவியம்மாவே வந்தாச்சா!" அவர் முகமெல்லாம் பல். வேம்பு பக்கம் திரும்பினார். "பாத்துக்கம்மா. உங்க தலைவியே அடுப்பு மூட்டியாச்சு. நாளைக்கு நீ வரலைன்னா உன் போஸ்ட் போச்சு. சமைக்க ஆளா கிடைக்காது எங்களுக்கு?"

வேம்பு தலைகுனிந்தாள்.

"என்ன அம்சம், கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லீங்க சார். நான் வேலைக்கு வரலை."

"பின்னே?"

"பிள்ளைங்களுக்குச் சோறு போட வந்தேன். அரிசி பருப்பெல்லாம் எங்க தெருவுல மடியேந்தி வாங்குனது. ஸ்டோர் பூட்டு போட்டது போட்டபடி இருக்கு, பாத்துக்குங்க."

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். வேம்பும் அப்போதுதான் பார்த்தாள். பின்கட்டில் ஒருத்தரையும் காணோம்.

"நான் அனுப்புன ஆளுங்க எங்கே?"

"பாவம் சார் அவங்க. கல்யாணச் சமையல்னு சொல்லிக் கூட்டியாந்திருக்கீங்க. எறங்கிப் பாத்தா பள்ளிக்கூடம். வேனைப் பாத்துட்டு ஓடியாந்த என்கிட்ட என்ன சங்கதின்னு கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன். அவங்களும் எங்களப் போலக் கூலிக்குப் போறவங்கதானே?"

"சரிம்மா, இப்ப அவங்க எங்கே?"

அம்சம் சாம்பாரை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"திருவாரூருக்குப் போயிட்டாங்க சார். பிள்ளைங்க பசிய நீ பாத்துக்க அக்கான்னு சொல்லிட்டு, எங்க பந்தல்ல என் எடத்துல உக்காந்து கோஷம் போட்டுக்கிட்டிருக்காங்க."