கிற்றாரில் ஒரு இரைச்சல்

"திறக்கவேண்டாம் அண்ணை. அது அப்பிடியே ஒரிஜினலா இருக்கட்டும்," என்றான் தவச்செல்வன்.

தயாபரனுக்குப் பொறி தட்டியது. கிற்றார் திருத்துகிறவன் தேடி வந்த வேலையை வேண்டாம் என்கிறான் என்றால், அதற்குள் ஏதோ இருக்கிறது!

லாங்கன்தாலில் இருந்து ரயில் ஏறி, மனைவி பரமேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு ஓர்லிகோனுக்கு வந்திருந்தார் அவர். மாடிக்கட்டடம் ஒன்றின் அடியில், சன்னல் கூட இல்லாத நிலவறை. சுவிசில் கெல்லர் என்பார்கள். அதுதான் தவச்செல்வனின் பட்டறை. மேசையில் தயாபரனின் எலெக்ட்ரிக் கிற்றார் கிடந்தது. சுவிசுக்கு வந்த புதிதில், கோப்பை கழுவிய சம்பளத்தில் வாங்கியது. வாங்கும்போதே அது பழசு. இன்றுவரை ஒரு ஆணியைக்கூட அவர் மாற்றியதில்லை.

"போன மாசம் கம்பி மாத்தத்தானே உன்னட்டைத் தந்தனான்? அதுக்குப் பிறகுதான் இந்த இரைச்சல். வாசிக்கேக்க இல்லை. கையை எடுத்தவுடனை ஊ எண்டு கூவுது. உள்ளுக்கை என்ன செய்தனி?"

"கம்பி மட்டுந்தான் அண்ணை மாத்தினனான்."

"பழைய பிக்கப்பைக் கழட்டி வித்துப்போட்டு, மலிவுச் சாமான் ஒண்டைப் பூட்டினனியோ எண்டு கேக்கிறன்."

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம். அதுதான் சத்தத்தைப் பிடித்து, அதைப் பெருக்குகிற ஆம்புக்கு அனுப்புகிறது. பழசுக்கு வெளியில் நல்ல விலை. போதாக்குறைக்குத் தயாபரனைப் போலவே தவச்செல்வனும் கலியாணவீடுகளில் வாசிக்கிற இன்னொரு பாண்டில் கிற்றார் வாசிக்கிறவன். பிறகு எப்படி நம்புவது?

தவச்செல்வன் மேல்தகட்டைக் கழற்றிக் காட்டினான். பழைய பிக்கப், பழைய ஈய ஒட்டு, பழைய தூசி.

"தூசியைத் தூவியும் விடலாம்," என்றார் தயாபரன்.

"ஐயோ கடவுளே!" என்றாள் பரமேஸ்வரி. "எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை, தம்பி. இவர் ராவிலையும் எழும்பி எழும்பிப் போய், ஆம்ப் ஓஃப்போ எண்டு பாக்கிறார்."

"ஆரும் கை வைச்சுக் கிடக்கோ எண்டு பாக்கிறன். உனக்கென்ன? காலமை குளியலறைக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு ரெலிபோனிலை ஆரோட குசுகுசுத்தனி? இவனோடதானே?"

பரமேஸ்வரியின் முகம் மாறியது. தவச்செல்வனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

தயாபரனுக்கு விளங்கிவிட்டது. ஓகோ, இரண்டு பேரும் கூட்டு! அவருடைய பாண்டிலும் இதே கதைதான். இரைச்சலே இல்லை என்று ஒருவர் விடாமல் சாதிக்கிறார்கள். தன்னை விலத்திவிட்டு இவனைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் இவ்வளவும்.

"சனிக்கிழமை கலியாணவீட்டிலை இதோட நான் மேடை ஏறமாட்டன். இரையாத புதுப் பிக்கப் இருக்கெல்லோ, அதைப் போடு."

"போடலாம். ஆனா அது பெரிசு, கட்டையைக் குடையவேணும். குடைஞ்சாக் குடைஞ்சதுதான் அண்ணை. பிறகு இது உங்கட பழைய கிற்றார் இல்லை. நீங்களே என்னைத் திட்டுவியள்."

தயாபரன் கிற்றாரைத் தடவினார். பிள்ளையை ஒப்பரேசனுக்கு அனுப்புகிற தகப்பன்போலக் கையை எடுக்க மனம் வரவில்லை. ஆனால் இரைச்சலோடு எப்படி வாசிப்பது? வாசிக்காமல்தான் எப்படி இருப்பது?

"குடையிறதுக்கு முதல் ஒரு சோதனை வைப்பம்," என்றார். "அந்தா தொங்குது உன்ர கிற்றார். அதிலை இரையாத பிக்கப்தானே? என்ரையையும் உன்ரையையும் மாத்தி மாத்தி ஆம்பிலை செருகு. நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். எது ஆருடையது எண்டு என்ர காது சொல்லும். இருவது வருசமா ஸ்பீக்கருக்குப் பக்கத்திலை நிண்டு வாசிக்கிற காது. அதை ஒருத்தரும் பேக்காட்டி ஏமாத்தேலாது."

தவச்செல்வன் தயங்கினான்.

"செய்யுங்கோ தம்பி," என்றாள் பரமேஸ்வரி. அவள் அவசரப்பட்டதும் தயாபரனுக்குப் பிடிக்கவில்லை. முறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பின்னால் 'டக்' என்று வயரைச் செருகும் சத்தம்.

"இப்ப, அண்ணை?"

"கேக்குது. இது என்ரை."

மறுபடியும் 'டக்'.

"இப்ப?"

தயாபரன் மூச்சை அடக்கிக் கேட்டார். "இதுவும் இரையுது. டேய், நீ மாத்தேல்லை. என்ரையைத்தான் திருப்பியும் செருகியிருக்கிறாய்!"

"கொஞ்சம் பொறுங்கோ. திரும்பாதேங்கோ."

ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. பரமேஸ்வரி நடக்கிற சத்தமும் கேட்டது. பிறகு எல்லாம் அடங்கியது. அந்த அடக்கத்துக்குள் ஊ என்ற இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப?" தவச்செல்வனின் குரல் இறங்கியிருந்தது.

"அதே ஊதான்! முந்தியிலும் பாக்க இப்பதான் கூட. கள்ளப்பயலே, என்னை விசரன் எண்டு நினைச்சியோ?" என்று கத்திக்கொண்டே தயாபரன் திரும்பினார்.

இரண்டு கிற்றார்களும் பெட்டிக்குள் மூடிக் கிடந்தன. சுவரிலிருந்து பிடுங்கிய ஆம்பின் பிளக்கைக் கையில் பிடித்தபடி பரமேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.