புள்ளிமானின் அட்டெண்டன்ஸ்

காட்டுக் கல்லூரியில் புள்ளிமானுக்கு விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைத்தது. "நீ ஓடு கண்ணு, படிப்பை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் பிரின்சிபால் கரடியார்.

மான் நம்பி ஓடியது. ஊர் ஊராகப் போட்டி. ரயிலில் மேல் பெர்த்தில் படுத்தபடியே பாடத்தையும் படித்தது. நான்கு தங்கப் பதக்கங்கள் வந்தன. கல்லூரி வாசலில் வைத்த பேனரில் கரடியார் முழு உருவமாகச் சிரித்தார். மூலையில் மானின் கொம்பு மட்டும் தெரிந்தது.

தேர்வுக்கு முதல் நாள் ஹால் டிக்கெட் வாங்கப் போன மானைக் கரடியார் திருப்பி அனுப்பினார். "அட்டெண்டன்ஸ் பத்தலையேப்பா. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்."

"ஐயா, நான் வகுப்புக்கு வராத நாளெல்லாம் கல்லூரிக்காக ஓடின நாளுங்க!"

"அதனால என்ன? இன்னொரு வருஷம் படி. நமக்காக இன்னொரு வருஷம் ஓடலாமே!" கரடியார் மனதார மகிழ்ந்தார்.

அடுத்த வருஷம் மான் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

போட்டி நாளன்று வீரர்களை ஏற்றிய பேருந்து வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. கரடியார் மூச்சிரைக்க வகுப்புக்கு ஓடிவந்தார். "சீக்கிரம் வாப்பா! ஒரு நாள் வகுப்புக்கு வரலேன்னா என்ன குறைஞ்சிடப் போகுது?"

மான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பாடம் நடக்குதுங்கய்யா. இந்தத் தடவை நீங்களே ஓடிடுங்க. இப்ப வந்ததைப் பார்த்தா நல்லாத்தான் ஓடுறீங்க."