சீனத்தில் ஒரு மேல்முறையீடு

"ஏட்டி சங்கரி! சைனாக்காரச் சாமி குடுத்த சீட்டை எடுத்துட்டு வா. அந்தப் பய வார நேரமாச்சு!"

பூஜையறையில் சந்தனம் குங்குமம் தீற்றி வைத்திருந்த மஞ்சள் சீட்டை எடுத்து வந்தாள் சங்கரி. அப்பாவிடம் நீட்டினாள். அவள் கல்யாணமே அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் இருந்தது.

அப்பா ஆவுடைநாயகம் ஓய்வுபெற்ற தாசில்தார். மகள் விரும்புகிற தேவேந்திரன் வேறு சாதி. அதை வாய்விட்டுச் சொல்ல அவருடைய நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சாமிகளை இழுத்தார்.

"பூக்கட்டிப் பாப்போம். வெள்ளைப் பூ வந்தா சம்மதம், சிவப்பு வந்தா கிடையாது" என்றார் பெருந்தன்மையாக.

நெல்லையப்பர் சன்னிதியில் வெள்ளை வந்தது. "பட்டர் பொட்டலத்தைத் தடவிப் பாத்து எடுத்துட்டாரு" என்றார். குறுக்குத்துறை முருகனிடமும் வெள்ளை. "அவரே வள்ளியை இழுத்துட்டுப் போனவரு, வேற என்ன சொல்லுவாரு?" சைவப் பழம் என்பதையும் பாராமல் நாங்குநேரிப் பெருமாளிடம் போனார். அங்கேயும் அதே வெள்ளை. "அந்தப் பய ஊரே நாங்குநேரிதானே! பெருமாளுக்கு உள்ளூர்ப் பாசம்."

"நம்மளத் தெரியாத சாமிகிட்ட மேல்முறையீடு செய்யணும்" என்று, ஓய்வுபெற்றவர்கள் கூட்டத்தோடு எட்டு நாள் சீனச் சுற்றுலா கிளம்பிவிட்டார் மனிதர்.

திரும்பி வந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் ஒருத்தர் நிம்மதியாக நடமாட முடியவில்லை. "பெய்ஜிங் அரண்மனைக்குள்ள நம்ம கோயிலு நாலு அடங்கும் வே! சியான்ல மண்ணுக்குள்ள எட்டாயிரம் களிமண் சிப்பாய் நிக்கான், ஒருத்தன் டூட்டியை விட்டு நகந்து டீக்குடிக்கப் போகலையே! காலையில பார்க்குல அத்தனை பேரும் கை கோத்து ஆடுதான். நானும் ஆடினேன். எவனும் என்ன சாதின்னு கேக்கலை வே!"

எல்லாம் சரி, தீர்ப்பு? ஹாங்சௌ ஏரிக்கரைக் கோயில் ஒன்றில் மூங்கில் குவளையைக் குலுக்கியிருக்கிறார். ஒரு குச்சி விழுந்தது. அதன் எண்ணுக்குரிய சீட்டைக் கொடுத்தார்கள். வாசித்துச் சொல்ல வேண்டிய வழிகாட்டியோ, கூட்டத்தில் தொலைந்துபோன ஓர் அண்ணாச்சியைத் தேடி ஓடிவிட்டார். கைப்பேசியில் மொழிபெயர்க்கக் காட்டினால், 'கிழட்டு மாடு நிலவைக் குடித்து அலுவலகம் செல்லும்' என்றது.

சீனாவில் டாக்டருக்குப் படித்த பிள்ளைகளிடம் விசாரித்தார். "கடையில பேரம் பேச வரும், இந்தப் பழைய எழுத்து வராது" என்று கையை விரித்து, எல்லாரும் ஒரே ஆளைக் காட்டினார்கள்.

சீன மொழியையே பாடமாக எடுத்துப் படித்த தேவேந்திரனை. அதே 'அந்தப் பய'லை!

"அவன் 'நல்லாருக்கு'ன்னுதான் வாசிப்பான். வாசிக்கட்டும், அத்தோட முடிஞ்சுது கதை" என்று மீசையைத் தடவினார் ஆவுடைநாயகம். "முப்பத்தஞ்சு வருஷம் விசாரணை பண்ணினவன் நான். தனக்கு லாபமாச் சொல்லுதவன் பொய்ச்சாட்சி!"

சங்கரிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா ஓயாமல் சொல்லும் இந்த வசனத்தைத்தான் அவள் தினமும் தேவேந்திரனிடம் சொல்லிப் புலம்புவாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். அம்மா பார்வதியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். பேப்பர் கப்பில். அப்பாவின் உத்தரவு. சங்கரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கல்யாணத்துக்குன்னு ஒரு வரி இருக்குமாமே. அதை மட்டும் வாசியும்" என்றார் அப்பா.

தேவேந்திரன் சீட்டைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"ஐயா, வேற யாரையாவது வச்சு..."

"வாசியும்ங்கேன்!"

"'கல்யாணம் கூடாது'ன்னு போட்டிருக்கு ஐயா."

அடப் பாவி மனுஷா! சங்கரி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடைநாயகம் நாற்காலி நுனிக்கு வந்தார். 'நல்லாருக்கு' என்பதற்குத்தான் அவர் பதில் தயாராக வைத்திருந்தார். "நல்லாப் பாரும் வே!"

"இருக்கதைத்தானே ஐயா வாசிக்க முடியும்? நான் வாரேன்." அவன் எழுந்துவிட்டான்.

"நில்லும்!" அப்பா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "பார்வதி, பாத்தியா! தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போடுதான், ஒரு பொய் சொல்ல மாட்டேங்கான்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி வரலையே! இவனுக்குக் குடுக்காம வேற எவனுக்குட்டி பொண்ணு குடுக்க?"

"சாமி கூடாதுன்னு சொல்லிட்டுதே" என்றாள் பார்வதியம்மாள் பயந்தபடி.

"சைனாக்காரச் சாமிக்கு நம்ம வீட்டு விஷயம் என்ன தெரியும்? மூணு உள்ளூர்ச் சாமி வெள்ளைப் பூ குடுத்தாச்சு. அது போதும்! மாப்பிள்ளைக்கு வெள்ளி டம்ளர்ல காப்பி கொண்டா!"

வெள்ளி டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியவனை வாசலில் மறித்தாள் சங்கரி. சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"அப்பா கிறுக்குப் புத்தி மாறினதால தப்பிச்சோம். மாறலைன்னா என் கதி என்ன? அரிச்சந்திரன்னு நெனைப்போ? எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னா கொறைஞ்சா போயிருவீங்க?"

தேவேந்திரன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"சொன்னேனே. அந்தச் சீட்டுல 'கூடும்'னுதான் போட்டிருக்கு."