சுவரைத் தட்டியவர்

நீலசந்திராவில் தயாளன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தயாளன் சத்தத்தைக் குறைவாக வைத்து டிவியில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். நடுராத்திரியில் சுவர் 'டொக் டொக்' என்றது.

பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அய்யாக்கண்ணுதான். தயாளன் சத்தத்தை இன்னும் குறைத்தான். தட்டல் பலத்தது.

"பெரிசுக்குப் பாம்புக் காது!" என்று முணுமுணுத்து, சத்தத்தை அடியோடு நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் தட்டலும் நின்றது.

விடிந்தபோது அய்யாக்கண்ணு உயிரோடு இல்லை.

"ராத்திரி அவரைத் தூங்க விடல, மன்னிச்சிடுங்கம்மா" என்றான் அவர் மனைவியிடம்.

"தூங்கவா? கிளப்புல டென்னிஸ் கோர்ட்டுக்குக் கோடு போட்ட மனுஷன், தம்பி. உன் டிவியிலதான் தினம் ஸ்கோர் கேப்பாரு. சௌண்ட ஏத்தச் சொல்லித்தான் தட்டினாரு."

இப்போதெல்லாம் டென்னிஸ் ராத்திரிகளில் தயாளன் சத்தத்தை முழுசாக வைக்கிறான். தெருவே திட்டுகிறது. அந்தச் சுவர்தான் தட்டமாட்டேன் என்கிறது.