நூறு சதவீதத் தேர்ச்சி

கணக்கு வாத்தியார் கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

“ரிசல்ட் வந்துடுச்சா?” மனைவி கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

“ஞாயித்துக்கிழமைகூட அந்த மக்குப் பசங்களைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே. வேணாம்னு சொன்னா கேட்டாத்தானே?”

கைப்பேசி அலறியது. தலைமையாசிரியர்தான்.

“சார், நூத்துக்கு நூறு! ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆகல. ஊர்லயே நம்ம ஸ்கூல்தான் முதல்!”

“சந்தோஷம் சார்,” என்று முனகினார் வாத்தியார். முகம் வெளுத்துவிட்டது. மனைவி சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் திறப்பது?

கடைசியில் அவர்தான் திறந்தார். வீட்டு ஓனர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கூடவே ஒரு தம்பதி.

“எல்லாம் உங்க புண்ணியம் வாத்தியாரே! உங்க ஸ்கூல் முதல்ல வந்தா வீட்டை வித்துடுவேன்னு சொன்னேன்ல? பக்கத்துல குடியிருந்தாத்தான் அங்க சீட்டாம். கேட்ட விலைக்கு வாங்கிக்கிறாங்க. அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க.”

வந்த பெண் கைகூப்பினாள்.

“எங்க பையனுக்குக் கணக்கு சுத்தமா வராது சார். நீங்க பக்கத்து ஸ்கூல்லயே இருக்கீங்கங்கற தைரியத்துலதான் இந்த வீட்டை வாங்குறோம்.”